தமிழும் வகுப்புக்குள் வரட்டும்: ஸ்பானிஷ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம், கேளம்பாக்கம் பக்கங்களில் மாடி அறைகளிலும் கல்லூரி வகுப்புகளிலும் கணினித் திரையிலும் ஸ்பானிஷ் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு,



சிறுசேரியில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டுக் கண்ணெரிச்சலோடு வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வினைத்திரிபு நடத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. அதைப் பொறுமையாகச் செய்கிறீர்கள். மெக்சிகோ வாடிக்கையாளரிடம் பேச, ஸ்பெயினில் மேற்படிப்புக்குப் போக, டெலே என்னும் ஸ்பானிஷ் திறன் தேர்வு எழுத என்று ஆளுக்கு ஒரு காரணத்தோடு உங்களிடம்தான் வருகிறார்கள். ஏ1, ஏ2 என்ற தொடக்க நிலைகள் வரைக்கும் வண்டி ஓடிவிடுகிறது. பி1 நிலையில் சப்ஜங்டிவ் என்ற வினைப்பாங்கு தொடங்கியதும் வகுப்பில் முகங்கள் மாறுகின்றன. சிலர் அடுத்த மாதக் கட்டணம் கட்டுவதில்லை. இதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவன். பிறகு ஆசைக்காக ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தவன். கரும்பலகைப் பக்கமும் பெஞ்சுப் பக்கமும் தெரிந்தவன் என்ற உரிமையில் என் மனக்குறையைச் சொல்கிறேன். சப்ஜங்டிவை நீங்கள் ஆங்கிலத்தின் வழியாக நடத்துகிறீர்கள். இந்த ஒரு பாடத்துக்கு அதைவிட மோசமான வழிகாட்டி கிடைக்காது. நல்ல வழிகாட்டி உங்கள் மாணவர்களின் வாயிலேயே இருக்கிறது. அதை வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

வாசலில் நிறுத்துவது என்று சும்மா சொல்லவில்லை. நான் இருந்த ஒரு வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "சார், அப்ப இது நம்ம ‘வரட்டும்’ மாதிரியா?" என்று கேட்டாள். "நோ தமிழ் ப்ளீஸ்" என்று பதில் வந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அந்த அறையில் கேட்கப்பட்டவற்றிலேயே சரியான கேள்வி அதுதான்.

ஆங்கிலத்தில் சப்ஜங்டிவ் கிட்டத்தட்ட தேய்ந்துவிட்டது. ‘காட் சேவ் த கிங்’, ‘இஃப் ஐ வேர் யூ’ என்று உறைந்துபோன சில தொடர்களில் மிச்சம் இருக்கிறது. அந்த மொழிக்காரர்கள் ஸ்பானிஷ் படிக்கும்போது காதால் பிடிக்க வழியில்லாமல் ஒரு பட்டியல் செய்துகொண்டார்கள். ஆசை, உணர்ச்சி, பொதுக்கூற்று, பரிந்துரை, ஐயம், ‘ஓஹாலா’ என்ற ஆறின் முதலெழுத்துகளையும் ஆங்கிலத்தில் சேர்த்து ‘வியர்டோ’ என்று ஒரு குறுக்குச்சொல் கட்டினார்கள். அவர்களுக்கு அது தேவைதான். தேவையே இல்லாத நம் பிள்ளைகளுக்கு அதையே நகலெடுத்துக் கொடுக்கிறீர்கள். அவர்களும் மனப்பாடம் செய்கிறார்கள். பேசும்போது ஆறு எழுத்தையும் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.

ஒரு சின்ன வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நான் போக விரும்புகிறேன்.’ விரும்புகிறவரும் போகிறவரும் ஒருவரே, ஆகவே ‘போக’ என்ற எச்சம் போதும். ஸ்பானிஷிலும் அப்படியே: ‘கியேரோ இர்’. இப்போது விரும்புகிறவர் நான், வருகிறவர் நீ. ‘நீ வர விரும்புகிறேன்’ என்று எந்தத் தமிழ்க் குழந்தையும் சொல்லாது. ‘நீ வரணும்னு விரும்புறேன்’ என்றுதான் சொல்லும். ஆள் மாறியதும் எச்சம் போய், ‘என்று’ சேர்த்த தனி வாக்கியம் வந்துவிட்டது. ஸ்பானிஷ்காரரும் அதே இடத்தில் அதையே செய்கிறார்: ‘கியேரோ கே வெங்காஸ்’. நம் ‘என்று’ செய்கிற வேலையை அங்கே ‘கே’ செய்கிறது. ‘வரணும்’ இருக்கிற இடத்தில் ‘வெங்காஸ்’. ஆங்கிலமோ இரண்டுக்கும் ஒரே அமைப்பை வைத்திருக்கிறது. ‘நான் போக’, ‘நான் உன்னை வர’ என்பதுபோல எச்சத்தையே ஒட்டிவிடுகிறது. அதன் வழியே வந்த மாணவர் ‘கியேரோ து வெனீர்’ என்று எழுதி சிவப்பு மை வாங்குகிறார். தமிழில் யோசித்திருந்தால் அந்தத் தப்பு வருவதற்கே வழியில்லை.

இன்னொன்று. ‘நீ வர்றேன்னு சொல்றார்.’ ‘நீ வரணும்னு சொல்றார்.’ முதலாவது செய்தி, இரண்டாவது கட்டளை. ‘சொல்றார்’ மாறவே இல்லை, உள்ளே இருக்கும் வினைதான் மாறியது. ஸ்பானிஷில் ‘தீசே கே வியேனெஸ்’, ‘தீசே கே வெங்காஸ்’. அங்கேயும் ‘தீசே’ மாறவில்லை, உள்ளே இருப்பது மட்டும் மாறியது. இதைப் பலகையில் நான்கு வரியாக எழுதிப் போட்டால் விளக்கமே தேவைப்படாது.

ஏன் இப்படிப் பொருந்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் இது தற்செயல் என்று ஒதுக்கிவிடுவீர்கள். வந்தான், வருகிறான், வருவான். இவை காலமும் பாலும் இடமும் காட்டி, ‘இது இப்படி’ என்று பொறுப்பேற்றுச் சொல்லும் முற்றுகள். ‘வரட்டும்’ அப்படி இல்லை. அது காலம் காட்டாது. அவன், அவள், அது, அவர்கள் எல்லாருக்கும் ஒன்றே. நம் இலக்கணத்தில் இப்படிப்பட்ட வினையை வியங்கோள் என்று பெயரிட்டு, அதற்குத் தனி இடம் கொடுத்து, வாழ்த்துவது, வைவது, விதிப்பது, வேண்டுவது எல்லாம் அதன் வேலை என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். வாழ்க, ஒழிக, வருக. ஒன்றை நடந்ததாகவோ நடப்பதாகவோ அறிவிக்காமல் மனத்தில் நிறுத்திப் பேசும் வினைக்குத் தனி வடிவம் வேண்டும் என்று தமிழ் வெகுகாலம் முன்பே முடிவு செய்துவிட்டது. 1492இல் காஸ்தில்லிய மொழிக்கு இலக்கணம் எழுதிய அந்தோனியோ தே நெப்ரிஹாவும் விழைவுக்கென்று ஒரு வினைப்பாங்கைத் தனியே பிரித்து வைத்தார். இன்று ‘வீவா மெக்சிகோ’ என்று மெக்சிகோக்காரர்கள் முழங்குவது ‘வாழ்க’தான். வாழ்தல் என்ற வினையின் சப்ஜங்டிவ் வடிவம் அது. நம் ஊரில் கட்சிக் கூட்டத்துக்குப் போன எவருக்கும் அதன் பயன்பாட்டை விளக்க வேண்டுமா?

நம் காலத்து ஸ்பானிய இலக்கண ஆசிரியர் ஹோசே பிளாசிதோ ருயிஸ் காம்பியோ இந்தப் பட்டியல் முறையை விட்டுவிட்டு, அறிவிப்பது, அறிவிக்காதது என்ற ஒரே பிரிவில் சப்ஜங்டிவை விளக்குகிறார். பேசுகிறவர் ஒன்றை அறிவித்தால் இண்டிகேட்டிவ். அறிவிக்காமல் வேறு காரணத்துக்காக அதை எடுத்துப் பேசினால் சப்ஜங்டிவ். காலம் காட்டும் முற்றையும் வியங்கோளையும் பிரித்துப் பார்த்துப் பழகிய தமிழ்க் காதுக்கு இது புதிய சங்கதியே அல்ல.

இதனால் ஒரு பெரிய தலைவலியும் தீர்கிறது. ‘நடக்காததற்குச் சப்ஜங்டிவ்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, மறுவாரம் ‘நீ வந்தது சந்தோஷம்’ என்பதற்கு ‘மே அலேக்ரா கே ஆயாஸ் வெனீதோ’ என்று எழுதுகிறீர்கள். வந்தது நடந்துவிட்டதே, பிறகு ஏன் சப்ஜங்டிவ் என்று மாணவர் கேட்டால், ‘உணர்ச்சி என்றால் அப்படித்தான்’ என்று பட்டியலைக் காட்டுகிறீர்கள். தமிழ் வாக்கியத்தையே பாருங்கள். ‘நீ வந்தாய்’ என்று முற்றாக நிற்காமல் ‘நீ வந்தது’ என்று பெயராக மாறி நிற்கிறது. வந்த சேதி இருவருக்கும் தெரியும். அதை யாரும் யாருக்கும் அறிவிக்கவில்லை. அறிவிக்கப்படுவது சந்தோஷம்.

இனி வகுப்பைவிட்டு வெளியே வாருங்கள். குரோம்பேட்டையில் ஒரு கிளினிக். டோக்கன் வாங்கிப் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளேயிருந்து டாக்டர் குரல் கொடுக்கிறார்: "அடுத்தவங்க வரட்டும்." மாட்ரிட்டிலும் லிமாவிலும் அந்த நேரத்தில் சொல்வது ‘கே பாசே எல் சிகியெந்தே’. ‘பாசே’ சப்ஜங்டிவ். அடுத்தவர் யார் என்று டாக்டருக்குத் தெரியாது, அவர் எழுந்து வந்துவிட்டதாகவும் சொல்லவில்லை. வரட்டும், அவ்வளவுதான்.

கிளாம்பாக்கத்திலிருந்து வரும் பஸ்ஸில் ஊருக்குப் புதுசான அம்மா ஒருவர் கண்டக்டரிடம், "தம்பி, தாம்பரம் வந்தா சொல்லுப்பா" என்கிறார். தாம்பரம் வருமா வராதா என்ற சந்தேகம் அந்த அம்மாவுக்கு இல்லை, வந்தே தீரும். ஆனாலும் இன்னும் வராத ஒன்றை வந்ததாகவோ வருவதாகவோ சொல்லாமல் ‘வந்தா’ என்கிறார். ஸ்பானிஷ் அம்மாவும் ‘குவாந்தோ யேகேமோஸ் ஆ தாம்பரம்’ என்று, இன்னும் சேராத ஊருக்குச் சப்ஜங்டிவைத்தான் போடுவார். எதிர்காலத்துக் ‘குவாந்தோ’வில் ஏன் சப்ஜங்டிவ் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணத்தை எந்த வெளிநாட்டுப் புத்தகமும் தராது.

முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு உள்ள மாணவர்கள் உங்களிடம் இருப்பார்கள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்ததைப் பார்த்தவர்கள். ஒவ்வோர் ஐப்பசியிலும் அந்த வீடுகளில், "இந்த வருஷம் தண்ணி உள்ள வராம இருக்கணுமே" என்ற பேச்சு எழும். ‘ஓஹாலா நோ எந்த்ரே எல் ஆகுவா’ என்று அதையே ஸ்பானிஷில் சொல்லச் சொல்லுங்கள். ‘ஓஹாலா’ அரபு வழி வந்த சொல், கடவுள் சித்தமானால் என்பது அதன் மூலப்பொருள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பல்லாவரத்து முஸ்லிம் பிள்ளைக்கு அது உடனே ஒட்டிக்கொள்ளும். ‘மழை வந்தாலும் வரும்’ என்ற நம் அரைகுறை ஜோசியம் ‘புவேதே கே யுவேவா’. ‘மழை பெஞ்சாலும் வருவேன்’ என்பது ‘ஆவுங்கே யுவேவா’. மழை கண்ணெதிரே பெய்துகொண்டிருக்க, அதை ஒரு சேதியாகச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறவர் ‘ஆவுங்கே யுவேவே’ என்று இண்டிகேட்டிவுக்கு மாறுவார்.

கல்யாண வீட்டுப் பேச்சையும் விடாதீர்கள். ‘பையனுக்குப் பொண்ணு பாக்குறோம்’ என்றால் பெண் இன்னும் கிடைக்கவில்லை. ‘பொண்ணைப் பாக்கப் போறோம்’ என்றால் ஒரு பெண் முடிவாகியிருக்கிறாள். நடுவில் இருப்பது ஒரு ‘ஐ’. ஸ்பானிஷில் ‘வேலைக்குப் போற பொண்ணு தேடுறோம்’ என்பது ‘புஸ்காமோஸ் உனா சிக்கா கே த்ரபாஹே’. ‘சிறுசேரியில் வேலை பார்க்கிற அந்தப் பெண்ணைத் தேடுறோம்’ என்றால் ‘புஸ்காமோஸ் ஆ லா சிக்கா கே த்ரபாஹா என் சிறுசேரி’. நம் ‘ஐ’ வந்த இடத்தில் அவர்களுக்கு ‘ஆ’ வந்தது. கூடவே ‘த்ரபாஹே’ போய் இண்டிகேட்டிவ் ‘த்ரபாஹா’ வந்தது. ஆள் இன்னாரென்று தெரிந்துவிட்டதால் அவரைப் பற்றி அறிவிக்கலாம். தெரியாதவரை என்னவென்று அறிவிப்பது?

தமிழ் எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அது கைவிடும் இடங்களும் உண்டு, அங்கேதான் உங்கள் உழைப்பு முழுசாகத் தேவைப்படுகிறது. ‘வருவார்னு நினைக்கிறேன்’, ‘வருவார்னு நினைக்கலை’ இரண்டிலும் நமக்கு ‘வருவார்’ ஒன்றே. ஸ்பானிஷில் ‘க்ரேயோ கே வியேனே’ என்பது எதிர்மறையில் ‘நோ க்ரேயோ கே வெங்கா’ ஆகிவிடும். ‘நீ வந்தது சந்தோஷம்’ சப்ஜங்டிவ் கேட்கும்; ‘நீ வந்தது தெரியும்’ கேட்காது, தெரியும் என்றாலே அறிவித்தாயிற்று. நம் ‘வந்தா’ தாராளமானது, அவர்கள் ‘குவாந்தோ’ என்னும் இடத்துக்கும் ‘சி’ என்னும் இடத்துக்கும் ஓடும். ஆனால் ‘சி’க்குப் பின்னால் நிகழ்காலச் சப்ஜங்டிவ் வராது, ‘சி வியேனெஸ்’ என்று இண்டிகேட்டிவ்தான். ‘வந்திருந்தா பாத்திருப்பேன்’ என்று கைநழுவிப் போனதைப் பேசும்போது மட்டும் இரண்டு மொழியும் மறுபடி கைகோத்துக்கொள்ளும்: ‘சி உபியேரா வெனீதோ, லோ அப்ரியா விஸ்தோ’. ‘வீட்டுக்கு வந்ததும் சாப்பிடுவேன்’ என்று தினப் பழக்கத்தைச் சொன்னாலும், இன்றைக்கு மட்டும் நடக்கப்போவதைச் சொன்னாலும் தமிழுக்கு ‘வந்ததும்’ ஒன்றே. ஸ்பானிஷ் பிரித்துச் சொல்லும். இப்படிப் பொருந்தாத இடங்கள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அந்த ஒரு பக்கத்தை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள், தப்பே இல்லை. பொருந்துகிற பத்துப் பக்கத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வைப்பதுதான் அநியாயம்.

நீங்கள் என்ன மறுப்புச் சொல்வீர்கள் என்பதும் தெரியும். ஸ்பானிஷை ஸ்பானிஷ் வழியாகவே நடத்த வேண்டும், இன்னொரு மொழி குறுக்கே வரக்கூடாது என்பது ஒன்று. நல்ல கொள்கை. ஆனால் உங்கள் பலகையில் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, மாணவர் தடுமாறினால் நீங்கள் ஆங்கிலத்துக்குத்தான் தாவுகிறீர்கள். குறுக்கே ஒரு மொழி ஏற்கெனவே நிற்கிறது. எந்த மொழி நிற்கலாம் என்பதுதான் நம் வழக்கு.

வகுப்பில் தெலுங்கர், மலையாளி, இந்திக்காரர் எல்லாரும் இருக்கிறார்களே என்பது இரண்டாவது. இருக்கட்டும். மலையாளிக்கு ‘வரட்டே’ இருக்கிறது. இந்திக்காரர் ‘வஹ் ஆயே’ என்று விழைவுக்குத் தனி வினைவடிவம் வைத்திருக்கிறார். அவரவர் வீட்டு மொழியில் அந்த வாக்கியத்தை முதலில் சொல்லச் சொல்லுங்கள். இந்த அறையில் ஆங்கிலத்தைவிட எல்லாருடைய தாய்மொழியும் இந்தப் பாடத்தில் பணக்கார மொழி.

பள்ளியில் தமிழே எடுக்காத பிள்ளைகளுக்கு வியங்கோள் என்றால் என்ன தெரியும் என்பது மூன்றாவது. பெயர் தெரிய வேண்டியதில்லை. தமிழைப் பாடமாக ஒரு நாளும் படிக்காத பிள்ளையும் அம்மாவிடம், "அவன் வந்தா வரட்டும், வராட்டிப் போகட்டும்" என்று சண்டை போடும். நமக்கு அந்தக் காது போதும்.

தெரிந்த மொழியின் வழியே புது மொழியைப் பிடிக்கும் இந்த வேலையை இதற்கு முன் ஒருவர் எதிர்த்திசையில் செய்திருக்கிறார். பரங்கிமலை ரயில் நிலையத்தைத் தினமும் கடக்கிற உங்களுக்கு அந்தப் பரங்கியர் போர்த்துக்கீசியர் என்பது தெரியும். ஸ்பானிஷுக்குச் சகோதர மொழி பேசியவர்கள். அவர்களில் ஒருவரான அன்றீக்கு அடிகளார் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே தமிழ் கற்று, 1549 வாக்கில் போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடையது. தாம் அறிந்த இலத்தீன் இலக்கணச் சட்டகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தமிழ் வினைகளை அதில் அடுக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக உட்காரவில்லை, ஆனாலும் அந்த வழியாகத்தான் அவர் தமிழுக்குள் நுழைந்தார். தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பிடிப்பதில் அவருக்கு வெட்கம் இருக்கவில்லை. நமக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?

உண்மையில் எனக்கு வருத்தம் இலக்கணத்தைப் பற்றியது மட்டுமல்ல. மொழி கற்கும் வகுப்பிலேயே ஒரு பிள்ளையின் மொழிக்கு இடமில்லை என்றால், தனக்கு ஏற்கெனவே தெரிந்தது எதுவும் அறிவில் சேராது என்று அது முடிவு கட்டிவிடுகிறது. சப்ஜங்டிவ் வரவில்லை என்று நின்றுபோனவர்கள், வாழ்நாள் முழுக்க அதைத் தமிழில் பிழையில்லாமல் பேசிக்கொண்டிருந்தவர்கள். அதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது நான்கே காரியங்கள்.

முதலாவது, சப்ஜங்டிவை பி1 வரை பூட்டி வைக்காதீர்கள். ‘வீவா’, ‘கே பாசே’, ‘ஓஹாலா’ போன்றவற்றை ஏ1 வகுப்பிலேயே வாழ்க, வரட்டும், வராம இருக்கணுமே என்பவற்றோடு ஜோடி சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். இலக்கணப் பெயர் பிறகு வரட்டும்.

இரண்டாவது, இந்தப் பாடம் நடக்கும் நாட்களிலாவது தமிழுக்கும் மற்றத் தாய்மொழிகளுக்கும் இருக்கும் தடையை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்பானிஷ் வாக்கியத்துக்கும் முன்னால் மாணவர் அதை வீட்டில் எப்படிச் சொல்வார் என்று கேளுங்கள்.

மூன்றாவது, ‘வியர்டோ’ பட்டியலுக்குப் பதிலாக, மாணவர்களையே பஸ்ஸிலும் கடையிலும் வீட்டிலும் காதில் விழும் வரட்டும், வரணும், வந்தாலும், வந்தது சந்தோஷம் போன்ற தொடர்களைச் சேகரித்து வரச் சொல்லுங்கள். எது ஸ்பானிஷோடு பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று அவர்களே வகுப்பில் பிரிக்கட்டும்.

நான்காவது, நீங்கள் எல்லாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஓரிடத்தில் கூடுங்கள். அந்தத் தொடர்களிலிருந்து தமிழ்வழி சப்ஜங்டிவ் கையேடு ஒன்றைச் சேர்ந்து எழுதுங்கள். பொருந்தாத இடங்களுக்கான அந்த ஒரு பக்கமும் அதில் இருக்க வேண்டும். இலக்கணப் பகுதியைத் திருத்தித்தர நான் வருகிறேன், காசு வேண்டாம். இடம் கிடைக்காவிட்டால் சேலையூரில் என் வீட்டு மொட்டை மாடி இருக்கிறது.

அடுத்த பி1 வகுப்பு தொடங்குவதற்குள் தேதியை முடிவு செய்யுங்கள்.

அன்புடன்,
சேலையூரிலிருந்து ஒரு தமிழாசிரியர், உங்கள் கடைசி வரிசை மாணவர்